உள்பக்கம் பார்ப்பவர்

பால் டப்பாவின் மூடியைத் திறந்து, கண்ணை மூடி, இரண்டு தடவை குட்டையாக மூச்சிழுத்து முகர்ந்து பார்த்த பிறகுதான் எங்கள் பக்கத்து வீட்டு ஹார்லன் ஸாஸ்ட்ரோ காப்பியில் பால் ஊற்றிக்கொள்வார். அவர் வீட்டுப் பாலா, எங்கள் வீட்டுப் பாலா, தேவாலயத்துச் சமையலறைப் பாலா என்ற பேதம் கிடையாது. அன்று காலையில் கடையிலிருந்து வாங்கி வந்து இன்னும் மூடி பிரிக்காத டப்பாவாக இருந்தாலும் முகர்வார். என் மனைவி பூங்கோதைக்கு முதல் ஒரு வருஷம் இது பெரிய அவமானமாக இருந்தது. "நம்ம வீட்டுல கெட்ட பாலையா வச்சுக் குடுப்போம்?" என்று அவர் தலை மறைந்ததும் என்மேல் பாய்வாள். முகர்ந்து முடித்ததும் ஹார்லன் சொல்வது எப்போதும் ஒன்றுதான். "நல்லாத்தான் இருக்கு."

முப்பத்தோரு வருஷம் பால் லாரி ஓட்டியவர். விஸ்கான்சினில் எங்கள் பக்கத்தில் பால் லாரிக்காரருக்கு வண்டி ஓட்டத் தெரிந்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு பண்ணையிலும் இறங்கி, குளிர்தொட்டியின் மூடியைத் தூக்கி, முகர்ந்து பார்த்து, இந்தப் பால் வண்டியில் ஏறலாமா கூடாதா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டும். அதற்கென்று அரசாங்க உரிமம் உண்டு. ஒரு பண்ணையின் கெட்ட பால் ஏறிவிட்டால் மற்ற ஐந்து பண்ணைகளின் பாலும் சாக்கடைக்குப் போகும். இத்தனை வருஷத்தில் ஹார்லன் ஏற்ற மாட்டேன் என்று சொன்னது மூன்றே தடவை. அந்த மூன்றின் தேதியும் கிழமையும் அவருக்கு இன்றைக்கும் மனப்பாடம்.

இப்போது வயது எழுபத்தொன்று. ஆறடி இரண்டங்குல உயரம், அதில் பெரும்பங்கு கைகள்தான் என்று தோன்றும். சட்டைக்கை எதுவும் மணிக்கட்டு வரை எட்டியதில்லை. பச்சைத் தொப்பி ஒன்றை வீட்டுக்குள் நுழையும்போது கழற்றி, முழங்காலில் மாட்டிக்கொண்டு உட்காருவார். கிளம்பும்போது தொடையில் தட்டி "சரி, அப்ப பார்ப்போம்" என்பார். அதற்கப்புறம் கதவருகே நின்று இருபது நிமிஷம் பேசுவார். இந்த ஊரில் இருபத்திரண்டு வருஷம் குப்பை கொட்டியும் எனக்கு இது பழகவில்லை. அவர் எழுந்தவுடன் நானும் எழுந்துவிடுகிறேன், கால் கடுத்துப்போகிறது.

ஹார்லனால் ஒரு பொருளைப் பார்த்து மோசம் என்று சொல்ல முடியாது. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே முப்பது டிகிரி, மூக்குமயிர் உறைந்து குத்துகிறது, "இதவிட மோசமா இருந்திருக்கலாம்" என்பார். தேவாலய விருந்தில் கேரட் துருவிப் போட்ட பச்சை ஜெல்லி வரும். பிறந்ததிலிருந்து இந்த ஊரில் இருப்பவர்களே அதைத் தொட யோசிப்பார்கள். ஹார்லன் இரண்டாவது தடவை வாங்கிக்கொள்வார். பூங்கோதை ஒருநாள் பிடிவாதமாக, எங்களுக்கே கண்ணில் தண்ணீர் வரும்படி ஒரு காரக்குழம்பு வைத்து அவருக்குப் பரிமாறினாள். மனிதர் நெற்றி வியர்வையைத் தொப்பியால் துடைத்துத் துடைத்துச் சாப்பிட்டு முடித்தார். "நல்லாத்தான் இருக்கு. உங்க ஊர்ல குளிர்காலம் கெடயாதுன்னு சொன்னீங்கல்ல, ஏன்னு இப்பப் புரியுது" என்றார். அன்றைக்குத்தான் பால் விஷயத்தில் பூங்கோதை அவரை மன்னித்தாள்.

அவருடைய மனைவி கோரின் நேர் எதிர். இருபத்தாறு வருஷம் பண்ணைவீடுகளுக்குத் தபால் கொண்டுபோனவள். சாலையோரத் தபால்பெட்டி வலப்பக்கம் இருக்கும் என்பதால் ஸ்டியரிங் இடப்பக்கம் உள்ள காரின் வலது இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, இடது காலையும் இடது கையையும் குறுக்கே நீட்டியே ஓட்டிப் பழகியவள். நாற்பத்தைந்து வயதில் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டாள். ஓய்வு பெற்ற மறுமாதம், இரண்டு பேர் உட்காரும் சிறிய விமானம் ஒன்றைத் துண்டு துண்டாக, மரப்பெட்டிகளில் வரவழைத்துக் கேரேஜில் இறக்கினாள். அன்றிலிருந்து இரண்டு கார்களும் வெளியே பனியில் நிற்கின்றன. ஹார்லன் காலையில் எழுந்து இரண்டின் கண்ணாடியையும் சுரண்டுகிறார். அதைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வார் என்று உங்களுக்கே இப்போது தெரியும்.

இந்த விமானத்தில் தகட்டோடு சட்டத்தைச் சேர்ப்பது ரிவிட்டுகள்தான். மொத்தம் பதினாலாயிரம். ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் வெளியே நின்று காற்றுத் துப்பாக்கியால் ரிவிட்டின் தலையில் அடிப்பார். இன்னொருவர் உள்ளே கையை விட்டு, ஒரு இரும்புக் கட்டியை ரிவிட்டின் மறுமுனையில் அழுத்திப் பிடித்துக்கொள்வார். அடி விழ விழ, அந்த முனை கட்டியின்மேல் நசுங்கிப் பொத்தான்போல் ஆகும். வெளியே நிற்பவர் கண்ணுக்குத் தெரிவது வழவழப்பான தலை மட்டும். அது அநேகமாக எப்போதும் அழகாகத்தான் இருக்கும். உள்ளே பொத்தான் நேராக உட்கார்ந்ததா, சாய்ந்துவிட்டதா என்பது கட்டி பிடிப்பவருக்குத்தான் தெரியும். அவர் மூன்றில் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்: "நல்லது", "இன்னொரு அடி", இல்லையென்றால் "எடு". எடு என்றால் அந்த ரிவிட்டை ட்ரில் போட்டு வெளியே எடுத்துவிட்டுப் புதிதாக அடிக்க வேண்டும்.

கட்டி பிடித்தவர் ஹார்லன். கைநீளம் அப்படி.

கோரின் தன் தப்புகளை நடத்தும் விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். கெடுத்த துண்டு ஒவ்வொன்றையும் கேரேஜ் சுவரில் ஆணியடித்து மாட்டி, தேதி எழுதிச் சீட்டு ஒட்டிவிடுவாள். ட்ரில் நழுவி முட்டை வடிவமாகிப்போன ஓட்டை. துப்பாக்கி வழுக்கிப் பிறைபோல் நசுங்கிய தகடு. வால் பகுதிக்கு இடதும் வலதுமாக ஒரு ஜோடி விலாச்சட்டம் வளைக்க வேண்டிய இடத்தில், இரண்டையும் இடதாகவே வளைத்துவிட்டாள். மூன்றாவதாக வரவழைத்ததையும் இடதாகவே வளைத்தாள். "இருவத்தாறு வருஷம் தப்பான சீட்டுல உட்கார வச்சு, எனக்கு எடது வலதே தெரியாம பண்ணிட்டாங்க" என்று தபால் இலாகாவைத் திட்டிக்கொண்டே மாட்டினாள்.

இங்கே வீட்டில் விமானம் கட்டுகிறவர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. மாதத்தின் முதல் சனிக்கிழமை காலை, ஊருக்கு வெளியே விமானத் திடலின் கொட்டகையில் பான்கேக்கும் சாஸேஜும். அந்த மாதம் கெடுத்ததிலேயே படுமோசமான துண்டை ஆளாளுக்குக் கொண்டுவந்து மேஜையில் சுற்றுக்கு விட வேண்டும். சிரப்பு பாட்டிலுக்குப் பின்னால் அதுவும் கைமாறி வரும். வெறுங்கையோடு வருகிறவனை மற்றவர்கள் விடமாட்டார்கள். "ஒண்ணுமே கெடுக்கலையா? அப்ப ஒண்ணு நீ வேலையே செய்யல, இல்ல பொய் சொல்ற" என்பார்கள். ஹார்லன் அங்கே தட்டுக் கழுவுகிறவர். கை துடைத்துக்கொண்டு வந்து ஒவ்வொரு துண்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "இதுகூட நல்லாத்தான் இருக்கு" என்பார். மேஜையே சிரிக்கும்.

கோரின் இந்தச் சங்கத்தில் சேர்ந்தது, வேலை தொடங்கிய இரண்டாவது குளிர்காலத்தில். அதற்குள் வாலின் குறுக்குச் சிறகை முடித்து, தகட்டை மூடிவிட்டிருந்தாள். அதுதான் அவள் செய்த முதல் முழுப்பகுதி. எங்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினாள். கோடு பிடித்தாற்போல் ரிவிட் வரிசை. தடவிப் பார்த்தால் கையில் எதுவும் இடறாது. அதைத் தூக்கிக்கொண்டு கேரேஜுக்குள் நடந்து காட்டினாள், அறுபத்து நான்கு வயசுக்காரி. ஹார்லன் வாசலில் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த ஏப்ரலில் நார்ம் ப்ரிபில் வந்தார். சங்கத்து ஆட்களின் கேரேஜ்களுக்குப் போய், வேலையைப் பார்த்து, குற்றம் குறை சொல்லிவிட்டு வருவது அவர் ஏற்றுக்கொண்டிருக்கும் பொறுப்பு. ஹார்லனோடு ஒரே வகுப்பில் படித்தவர். நுனியில் விளக்கு வைத்த சின்னக் காமிராவை ஒரு கம்பியில் கோத்து வைத்திருந்தார். எதற்கும் இருக்கட்டும் என்று அதை அந்த வாலுக்குள் விட்டார். நான் அன்று ஏணி திருப்பிக் கொடுக்கப் போனவன், நின்றுவிட்டேன்.

நார்ம் வெகுநேரம் திரையையே பார்த்தார். அப்புறம் கோரினிடம் நீட்டினார். உள்ளே, பின்சட்டத்தின் ஓரமாக, பொத்தான்கள் மழையில் நனைந்த நாற்றுப்போல ஒரே பக்கம் சாய்ந்து கிடந்தன.

"எத்தன?" என்றாள் கோரின்.

"பத்தொம்பது. ஒண்ணு ரெண்டுன்னா விட்டுடுன்னு சொல்வேன். இது ஒரே வரிசையில இருக்கு."

"எடுத்துட்டுத் திருப்பி அடிச்சா?"

"எடுக்கலாம். ஆனா ஒரு தடவ ரிவிட் எடுத்த ஓட்டையில திரும்ப ட்ரில் போடுற மாதிரி வச்சுக்காத. ஓட்ட பெருசாச்சுன்னா அந்தச் சட்டத்தையே மாத்தணும். கம்பெனிலேருந்து வர ரெண்டு மாசம். இந்தக் கோடையில நீ பறக்க முடியாது."

கோரின் திரும்பி ஹார்லனைப் பார்த்தாள். "நீ பாக்கலையா?"

பொய் சொல்லியிருக்கலாம். டார்ச் சரியாக இல்லை என்றோ, மறந்துவிட்டது என்றோ சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள். ஹார்லன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"பார்த்தேன்."

"அப்புறம்?"

"கொஞ்சம் சாஞ்ச மாதிரி இருந்துச்சு. நீ அன்னிக்கு ரொம்ப சந்தோஷமா இருந்த, கோரி."

இந்த ஊரில் யாரும் கத்திச் சண்டை போடுவதில்லை. எனக்கு அதுதான் பயம். கோரின் துப்பாக்கியின் காற்றுக்குழாயைக் கழற்றி, சுருட்டி, ஆணியில் மாட்டினாள். "இது பறக்க ஆரம்பிச்சா முதல் நாப்பது மணி நேரம் யாரையும் ஏத்தக் கூடாது, நான் மட்டும் தனியாப் போகணும். அதான் சட்டம்" என்றாள். "மேல என்கூட வேற யாரும் வர மாட்டாங்க, ஹார்லன். நீ சொன்ன 'நல்லாத்தான் இருக்கு' மட்டும்தான் வரும்."

நார்ம் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து பூங்கோதையிடம் சொன்னபோது அவள் கோரின் பக்கம். நானும் அப்படித்தான் சொன்னேன். சொன்னேனே தவிர, ஹார்லன் கையில் தொப்பியோடு நின்றது கண்ணைவிட்டுப் போகவில்லை.

மறுவாரம் கோரின் என்னைக் கூப்பிட்டாள், கட்டி பிடிக்க. காகித ஆலையில் ரசாயனம் கலக்கிறவனுக்கு இது தெரியாது என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். தகட்டைப் பிரித்து, பத்தொன்பது ரிவிட்டையும் ட்ரில் போட்டு எடுத்து வைத்திருந்தாள். ஒவ்வொன்றுக்கும் நான் "நல்லது" என்று சொன்ன பிறகும், பல் டாக்டர் வைத்திருக்கும் மாதிரியான சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டு அவளே ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். எனக்கு அதில் வருத்தமில்லை. என்னை நம்பினால்தான் எனக்குக் கவலையாக இருக்கும். சமையலறை ஜன்னல் வழியாக ஹார்லன் தெரிந்தார். மேஜையில் உட்கார்ந்து எதுவும் செய்யாமல் இருந்தார். துப்பாக்கி ஒவ்வொரு தடவை அடித்து ஓயும்போதும் தலை இந்தப் பக்கம் திரும்பும்.

இடையில் ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்தவர், நான் கேட்காமலே, அவர் ஏற்ற மறுத்த அந்த மூன்றாவது பாலைப் பற்றிச் சொன்னார். மே மாதம் ஒன்பதாம் தேதி, வியாழக்கிழமை. லெஸ்டர் குன் என்பவரின் பண்ணை. மாடுகள் காட்டு வெங்காயத்தை மேய்ந்திருக்கின்றன. தொட்டியைத் திறந்ததுமே அந்த வாசம் அடித்தது.

"லெஸ்டர் என் பக்கத்துலயே நின்னான். இத ஏத்த முடியாது லெஸ்டர்னு சொன்னேன். அடைப்பத் திறந்துவிட்டான். ரெண்டு நாள் பால். கடைசி வரைக்கும் ஓடி முடியறத ரெண்டு பேரும் நின்னு பார்த்தோம். அதுக்கப்புறம் பதினோரு வருஷம் கோயில்ல எனக்கு முன் பெஞ்சுல உட்கார்ந்தான், ஒரு நாள் திரும்பிப் பாக்கல."

"நீங்க செஞ்சது சரிதானே?"

"சரிதான். நான் தப்புன்னு சொல்லலையே. ஆனா அந்த ஆளு மொகத்தப் பார்த்துட்டேன்ப்பா." கொஞ்சநேரம் தொப்பியின் விளிம்பைச் சுற்றினார். "வண்டிய விட்டு எறங்கினப்ப, இனிமே யார்கிட்டயும் இதச் சொல்ல வேண்டியதில்லன்னு நெனச்சேன். கோரிகிட்ட சொல்ல வேண்டி வரும்னு எனக்குத் தோணல."

எனக்கு அவர்மேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. ஒரு மனிதரின் நல்ல குணமே சாய்ந்த ரிவிட்டை இப்படி விட்டுவைக்கும் என்று நானும் அதுவரை நினைத்ததில்லை.

எட்டு ரிவிட் வரை நான் சமாளித்தேன். ஒன்பதாவது, சிறகு ஒடுங்குகிற முனைப்பக்கம். என் கை முழங்கைக்கு மேல் போகவில்லை. பூங்கோதையின் சமையல் அப்படி. எண்ணெய் தடவிப் பார்த்தோம், பக்கவாட்டில் படுத்துப் பார்த்தோம். கோரின் ஒரு நிமிஷம் இடுப்பில் கை வைத்து நின்றாள். பிறகு சமையலறைக் கதவைத் திறந்தாள்.

"ஹார்லன், உன் கை வேணும்."

ஆள் வேண்டும் என்று சொல்லவில்லை. ஹார்லன் கை கழுவிக்கொண்டு வந்தார். தரையில் ஒரு தலையணையைப் போட்டு மண்டியிட்டு, டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, கையைத் தோள்வரை உள்ளே விட்டார். துப்பாக்கி அடித்தது. டார்ச்சைக் கையில் எடுத்துப் பார்த்தார். "இன்னொரு அடி" என்றார். அடித்தாள். "நல்லது." அவள் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தாள். நேராகத்தான் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் இதே கதை. அவர் சொல்வார், அவள் கண்ணாடியை விடுவாள், அவர் அந்த நேரத்தில் தலையைத் திருப்பிக்கொள்வார். பத்து ரிவிட் இப்படிப் போனது. பத்தும் சரியாக இருந்தது. அவர் வழக்கமாகச் சொல்லும் அந்த வார்த்தையை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை என்பதை நான் கவனித்தேன், அவளும் கவனித்திருப்பாள்.

கடைசி ரிவிட். துப்பாக்கி அடித்து ஓய்ந்தது. கோரின் விரலால் தடவிப் பார்த்தாள். தகட்டோடு தகடாக உட்கார்ந்திருந்தது. சத்தத்துக்காகக் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, "இங்க வந்து பாரேன்" என்று என்னைக் கூப்பிட்டாள். இரண்டு வாரத்துக்கப்புறம் அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். "நார்ம்கிட்ட நாளைக்கே வரச் சொல்றேன். ஜூலைல பறந்துடலாம், ஹார்லன்" என்றாள். அவரைப் பெயர் சொல்லி, அவரோடு பேசினாள்.

உள்ளே டார்ச் வெளிச்சம் ஓட்டைகள் வழியாக அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது.

"எடு, கோரி."

"எத?"

"இந்தக் கடைசியத்தான். சாஞ்சுட்டுது. என் கட்டிதான் நழுவிடுச்சு."

"வெளிய அழகா இருக்கே."

"தெரியும். எடு."

ஒரு தடவை ரிவிட் எடுத்த ஓட்டை. இன்னொரு தடவை ட்ரில் போட்டால் என்ன ஆகும் என்பது மூன்று பேருக்கும் தெரியும். கோரினின் கை கண்ணாடி இருந்த மேல்பையைத் தொட்டது. அங்கேயே நின்றது. அவள் முகத்திலிருந்து அந்தச் சிரிப்பு மெல்ல வடிவதை நான் பார்க்க வேண்டாமென்று வேறு எங்கோ பார்த்தேன்.

ஹார்லன் வாலுக்குள்ளிருந்து கையை உருவிக்கொண்டு எழுந்தார். அவள் எதிரே நின்று, அவள் முகம் மாறி முடிகிற வரைக்கும் நேராக அதையே பார்த்தார். பிறகு மேஜைமேல் இருந்த ட்ரில்லை எடுத்து, பிடி அவள் பக்கம் வரும்படி திருப்பி நீட்டினார்.